பொருளாதார மேதையும் இரண்டு ரூபாய்க் காசோலையும்

1991-ல் தங்கத்தை அடகு வைத்த இந்தியா, 2004-ல் அந்நிய அரசுகளின் உதவியை மறுத்தது. இரண்டு முடிவுகளிலும் மன்மோகன் சிங்கின் கை இருந்தது. அந்தத் தன்மானத்துக்கு நிக்கோபார் தீவுகள் கொடுத்த விலை என்ன?

ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று நிக்கோபார் தீவுகளின் தேவாலயங்களில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது. 2004-ல் கடல் கொண்டுபோனவர்களுக்காக. 2024-ல் அந்தத் துயரத்துக்கு இருபது வயது நிறைந்தது. அன்றிரவு பத்து மணிக்குச் சற்று முன்னர், தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 92 வயது மன்மோகன் சிங் காலமானார்.

மறுநாள் வெளிவந்த இரங்கல் குறிப்புகள் பெரும்பாலும் 1991 ஜூலை பட்ஜெட்டையும், அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தையும், அவரது இரண்டாவது ஆட்சிக்காலத்தைக் கறைப்படுத்திய ஊழல் புகார்களையும் சுற்றியே வந்தன. தேதிகளின் பொருத்தம் பற்றி அதிகம் பேச்சில்லை. ஆனால் ஒரு பொருளாதார நிபுணரின் வாழ்க்கையை எடைபோட தலைநகரை விட நாட்டின் கடைக்கோடி சில சமயம் நல்ல தராசு. இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரி அல்ல. கிரேட் நிக்கோபார் தீவின் இந்திரா முனை. சுமத்ராவிலிருந்து அது கூப்பிடு தூரம். சென்னையிலிருந்தோ, போர்ட் பிளேருக்கே கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம்.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு சுமத்ராவுக்கு அப்பால் கடலடித் தரை பிளந்தபோது, மன்மோகன் சிங் பிரதமராகி ஏழே மாதங்கள் ஆகியிருந்தன. சிறிது நேரத்திலேயே நிக்கோபார் தீவுகளை அலை அறைந்தது. கார் நிக்கோபாரிலிருந்த விமானப்படைத் தளம் சிதைந்தது. படையினரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். தளம் மூழ்குகிறது என்ற தகவல் சென்னைக்கு எட்டியும் அது எச்சரிக்கையாக மாறவில்லை. மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையை அனுபவித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து அலை வந்து சேர்ந்தது.

அரசுக் கணக்கின்படி தீவுகளில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சுமார் 3,500 பேர். மிகப் பெரிய அடி கச்சால் தீவுக்கு. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் 1970-களில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றப்பட்ட தீவு அது. இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது.

உலகம் உதவ முன்வந்தது. புது தில்லி நன்றி கூறி மறுத்தது. சொந்தக் காலில் நின்று சமாளிக்க முடியும், தேவைப்பட்டால் கேட்கிறோம் என்பதுதான் பிரதமர் தந்த பதிலின் சாரம். மறுத்ததோடு நிற்கவில்லை, இந்தியக் கடற்படைக் கப்பல்கள் நிவாரணத்துடன் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் விரைந்தன. புனரமைப்புக்கு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி கடன்களை இந்தியா பின்னர் ஏற்றது உண்மை. ஆனால் நிவாரணத்துக்கு அந்நிய அரசுகளிடம் கையேந்துவதில்லை என்பது அன்று முதல் மரபாயிற்று. 2018 வெள்ளத்தின்போது வெளிநாட்டு உதவியை ஏற்க விரும்பிய கேரளத்துக்கு எதிராக அதே மரபுதான் காட்டப்பட்டது.

இந்த மறுப்பின் முழு அர்த்தம் புரியவேண்டுமானால் பதின்மூன்று ஆண்டுகள் பின்னால் போகவேண்டும். 1991 கோடையில் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 100 கோடி டாலர். சில வார இறக்குமதிக்கு மட்டுமே காணும். ஸ்ரீபெரும்புதூரில் மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டிருந்தார். அரசியலிலிருந்து ஒதுங்க மூட்டை கட்டிக்கொண்டிருந்த நரசிம்ம ராவ் பிரதமரானார். நிதியமைச்சர் பதவிக்கு முதலில் அழைக்கப்பட்ட பொருளாதார நிபுணர் ஐ.ஜி. படேல் மறுத்துவிட, அழைப்பு பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவருக்குப் போயிற்று. மன்மோகன் சிங் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவரே பின்னாளில் சொன்ன கதை.

அந்த ஜூலையில் 47 டன் தங்கம் லண்டனுக்குப் பறந்தது. ரூபாயின் மதிப்பு ஜூலை 1-ம் தேதியும் 3-ம் தேதியும் இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. முதல் தவணைக்குக் கிளம்பிய எதிர்ப்பைக் கண்டு ராவ் தயங்கி, இரண்டாவதை நிறுத்தச் சொன்னாராம். மன்மோகன் சிங் மும்பையில் ரிசர்வ் வங்கித் துணை கவர்னராயிருந்த சி. ரங்கராஜனைத் தொலைபேசியில் பிடித்தார். காரியம் முடிந்துவிட்டது என்றார் ரங்கராஜன். அந்தச் சில நிமிடத் தாமதம் மட்டும் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பொருளாதார வட்டாரங்களில் இன்றும் பேச்சு அடிபடுகிறது. வர்த்தக அமைச்சரகத்தில் ப. சிதம்பரம், ரிசர்வ் வங்கியில் ரங்கராஜன் என அந்த மாதத்துக் காரியங்களில் தமிழர் பங்கு கணிசமானது. ஜூலை 24 அன்று படிக்கப்பட்ட பட்ஜெட்டில் தொழில் உரிமங்களின் கோட்டை இடியத் தொடங்கியது.

2004 டிசம்பரில் கையிருப்பு சுமார் 13,000 கோடி டாலர். நிக்கோபாரில் பிணங்கள் ஒதுங்கிக்கொண்டிருந்த வேளையிலும் ஒரு பிரதமர் உதவி வேண்டாம் என்று சொல்ல முடிந்ததென்றால் அதற்குப் பின்னால் நின்றது அந்தத் தொகைதான். தன்மானத்துக்கும் அந்நியச் செலாவணி தேவை. இதை மன்மோகன் சிங்கை விட நன்கு அறிந்தவர் இந்திய அரசியலில் யாருமில்லை.

அறிந்த விதமும் சாதாரணமானதல்ல. இன்று பாகிஸ்தானிலுள்ள காஹ் கிராமத்தில் 1932-ல் பிறந்தார். தாய் சிறு வயதிலேயே மறைய, வளர்த்தவர் பாட்டி. மின்சாரம் இல்லாத ஊர். மண்ணெண்ணெய் விளக்கொளியில் படிப்பு. பிரிவினைக் கலவரத்தில் தாத்தா கொல்லப்பட, குடும்பம் அகதியாக இந்தியா வந்தது. அமிர்தசரஸில் கல்லூரி, ஹோஷியார்பூரில் முதுகலை, பிறகு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ். அங்கே ஜோன் ராபின்சன், நிக்கலஸ் கால்டோர் போன்ற இடதுசாரிச் சாய்வுள்ள பேராசிரியர்களிடம் பயின்று 1957-ல் முதல் வகுப்பில் தேறினார். அவர் தலையை விட்டு அகலாத இளநீலத் தலைப்பாகை கேம்பிரிட்ஜின் நிறம்.

ஆக்ஸ்ஃபோர்டில் அவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு இந்திய ஏற்றுமதி பற்றியது. 1964-ல் புத்தகமாக வந்தது. உலகச் சந்தையில் நமக்கு எதிர்காலமில்லை என்று தில்லி நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்த அவநம்பிக்கைக்கு ஆதாரம் போதாது என்று வாதாடிய புத்தகம் அது. அதன் முடிவுகளைச் செயலாக்க அவருக்கு 27 ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் அரசாங்கத்தின் பொருளாதார நாற்காலிகள் ஏறத்தாழ அனைத்திலும் அமர்ந்துவிட்டார். தலைமைப் பொருளாதார ஆலோசகர், ரிசர்வ் வங்கி கவர்னர், திட்டக் கமிஷன் துணைத் தலைவர். 1987-லிருந்து 1990 வரை ஜெனீவாவில், தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே தலைமையிலான தெற்கு நாடுகள் கமிஷனின் செயலாளர் நாயகம். உலக வங்கியின் கையாள் என்று 1991-ல் அவரை ஏசியவர்கள், அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏழை நாடுகளின் சார்பில் வெளிவந்த அறிக்கை அவர் கைபட்டது என்பதை மறந்துவிட்டார்கள். சந்தையை நம்பிய மன்மோகன், ஏழைகளுக்கு அரசின் கடமையை நம்பிய மன்மோகன் என்று இரண்டு பேர் ஒரே தலைப்பாகைக்குள் இருந்தார்கள். நிக்கோபார் இருவரையும் சந்தித்தது.

அந்தமான் நிக்கோபாரில் தமிழ் மூன்றாவது பெரிய மொழி. வங்காளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள், ராஞ்சித் தொழிலாளர்கள் என்று மெயின்லாண்டிலிருந்து போனவர்கள்தான் அந்தமானில் பெரும்பான்மை. அரிசியும் சிமென்டும் கப்பலில் வரவேண்டும். அரசுச் சம்பளமே கடைத்தெருவை நடத்துகிறது. உரிம ராஜ்யம் ஒழிந்ததன் ஆரவாரம் இங்கே மெல்லத்தான் கேட்டது.

நிக்கோபாரின் கதை வேறு. அங்கே குடியேற வெளியாருக்கு அனுமதியில்லை. 1956-ம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் தடுக்கின்றன. ஒரு காலத்தில் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த கப்பல்களோடு தேங்காயைக் கொடுத்துத் துணியும் அரிசியும் இரும்பும் பெற்ற மக்கள். தேங்காய்தான் அவர்கள் நாணயம். பின்னர் கொப்பரை கப்பலேறி மெயின்லாண்டின் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. கார் நிக்கோபாரில் சொத்து தனி மனிதருக்கு அல்ல, 'துஹெத்' எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். தென்னந்தோப்பும் பன்றிக் கூட்டமும் துஹெத்தின் உடைமை. யார் எவ்வளவு வெட்டலாம், எந்த விருந்துக்கு எத்தனை பன்றி என்பதைப் பெரியவர்கள் தீர்மானிப்பார்கள். பன்றிக்கும் தேங்காய்தான் தீவனம். தேவைக்கு மேல் உழைக்க அவசியம் இல்லாத, தேவைக்கு மேல் பணம் புழங்காத வாழ்க்கை.

அதனால் உலகச் சந்தைக்கு அப்பாற்பட்டவர்கள் என்று பொருளல்ல. 1994-ல் பாமாயில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோது நிதியமைச்சராயிருந்தவர் மன்மோகன் சிங். 2009-ல் தென்கிழக்காசிய நாடுகளுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபோது பிரதமர் அவர். மலிவான பாமாயில் வந்தால் தேங்காய் என்னாகும் என்று கேரளம் கூக்குரலிட்டது. பொள்ளாச்சி விவசாயிக்கும் அந்தக் கவலை தெரியும். நிக்கோபாரியின் குரல் யார் காதிலும் விழவில்லை. தீவுகள் முழுமைக்கும் சேர்த்து மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர்தான்.

பேரலை இந்தப் பொருளாதாரத்தை ஒரே காலைப்பொழுதில் வேரோடு பிடுங்கியது. தோப்புகள் உப்பு நீரில் நின்றன, பன்றிகள் போயின, ஊர்கள் கரையிலிருந்து மேட்டுக்கு நகர்ந்தன. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை?

2005 ஜனவரியில் மன்மோகன் சிங் தீவுகளுக்கு நேரில் வந்தார். தமிழகத்தில் நிவாரணத்தை மாநில அரசு நடத்தியது. குறை சொல்ல இரண்டு அரசுகள் இருந்தன. இங்கே யூனியன் பிரதேச ஆட்சி. மத்திய அரசும் தில்லிதான், மாநில அரசும் தில்லிதான். ஆகவே இங்கே நடந்த நல்லதும் கெட்டதும் வேறு யார் கணக்கிலும் எழுத முடியாதவை.

பணத்துக்குக் குறைவில்லை. பாதிக்கப்பட்ட மாநிலங்களுக்கும் தீவுகளுக்குமாக அறிவிக்கப்பட்ட முதல் நிவாரணத் தொகுப்பே 2,700 கோடி ரூபாயைத் தாண்டியது. தீவுகளில் 9,797 நிரந்தர வீடுகள் கட்டத் திட்டமிடப்பட்டது; பெரும்பகுதி நிக்கோபாருக்கு. அதுவரை தங்க தகரக் கொட்டகைகள். தென்னோலையும் மூங்கிலும் வேய்ந்து, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய காற்றோட்டமான குடிசைகளில் வாழ்ந்தவர்கள், பூமத்திய ரேகையை ஒட்டிய வெயிலில் தகரத்துக்குள் ஆண்டுக்கணக்கில் வெந்தார்கள். நிரந்தர வீடுகளுக்கு வேண்டிய இரும்பும் சிமென்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் வந்தன. எங்கள் மரத்தில் எங்கள் கையாலேயே வீடு கட்டிக்கொள்கிறோம், கருவிகள் மட்டும் போதும் என்ற நிக்கோபாரிகளின் கோரிக்கை சிவப்பு நாடாவுக்குள் எங்கோ காணாமற்போனது.

பிறகு நஷ்டஈடு வந்தது. அரசு ஏட்டில் துஹெத் என்று ஒரு கட்டம் கிடையாது. குடும்பத் தலைவர், மனைவி, மக்கள் என்ற கட்டங்கள்தான் உண்டு. நூறு பேர் சேர்ந்து வாழ்ந்த துஹெத், காகிதத்தில் இருபது குடும்பங்களாயிற்று. இருபது வங்கிக் கணக்குகள், இருபது வீடுகள். உறவினரை இழந்தவர்களுக்கு லட்சங்களில் தொகை. சேமிப்பு என்ற சொல்லுக்குத் தேங்காய்க் குவியல் என்று மட்டுமே பொருள் கொண்டிருந்த சமூகத்தில் மோட்டார் சைக்கிள்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் மதுப்புட்டிகளும் இறங்கின. சொத்துத் தகராறு தலைகாட்டியது.

மறுபுறம் வேறொரு கூத்து. 2006 தொடக்கத்தில் தீவுகளில் சிலருக்குப் பயிர் நஷ்டத்துக்காகத் தரப்பட்ட காசோலைகளில் இருந்த தொகை இரண்டு ரூபாய். செய்தி உலகெங்கும் பரவியது. விதிமுறைப்படி கணக்கிட்டால் அவ்வளவுதான் வருகிறது என்பது அதிகாரிகள் தரப்பு. காசோலை அச்சிட்ட செலவே அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். தென்னைக்கு இவ்வளவு, பரப்புக்கு இவ்வளவு என்று மெயின்லாண்டுக்கு வகுத்த சூத்திரம், எல்லையும் பட்டாவும் இல்லாத தோப்புக்குப் பொருத்தப்பட்டால் வேறென்ன விடை வரும்?

நிக்கோபாரைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் மனித சூழலியல் அறிஞர் சிம்ரன் ஜீத் சிங் இதை வேறு கோணத்தில் பார்க்கிறார். பேரலை மட்டுமல்ல, அதைத் தொடர்ந்து வந்த உதவியும் பேரிடரின் ஒரு பகுதியே என்பது அவர் ஆய்வுகளின் சாரம். தன் தேவையைத் தானே நிறைவேற்றிக்கொண்ட சமூகம், சில ஆண்டுகளுக்குள் ரேஷனையும் கூலியையும் நம்பும் சமூகமானது. பேரலைக்கு முன்பு நிக்கோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 42,000-ஐத் தொட்டிருந்தது. 2011 கணக்கெடுப்பில் 37,000-க்கும் கீழே.

இதில் மன்மோகன் சிங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, முழு நியாயமல்ல. இரண்டு ரூபாய்க் காசோலையில் கையெழுத்திட்டவர் பிரதமரல்ல. பணத்தை அனுப்பாதிருந்தால் அதைவிடப் பெரிய குற்றமாகியிருக்கும். ஆனால் அவர் வாழ்நாள் முழுதும் வளர்த்தெடுத்த பொருளாதாரம் தனி மனிதரை, தனிக் குடும்பத்தை, தனிக் கணக்கை மட்டுமே எண்ணத் தெரிந்தது. கஜானா நிரம்பினால் அரசு ஏழைக்கு உதவ முடியும் என்று 1991 முதல் சொல்லிவந்தார். கஜானா நிரம்பியது. உதவி கப்பலேறிப் போயிற்று. போய்ச் சேர்ந்த இடத்தில் வறுமை என்று அவர் அறிந்திருந்த பொருளே வேறாயிருந்தது. வளர்ச்சி விகிதத்தால் அளக்கக்கூடிய எதுவும் துஹெத்திடம் முன்பு இருந்ததில்லை. அதனால் அது உடைந்தபோது எந்தப் புள்ளிவிவரத்திலும் இழப்பு பதிவாகவில்லை.

இன்னொரு மன்மோகனின் தடமும் தீவுகளில் உண்டு. பேரலைக்கு ஐந்து நாள் முன்பு, 2004 டிசம்பர் 21 அன்று, ஜாரவா பழங்குடியினருக்கான கொள்கையை அவர் அரசு வெளியிட்டது. ஜாரவாக்களை வலிந்து பொது நீரோட்டத்தில் இழுக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. சுற்றுலாப் பயணிகளின் முன் ஜாரவாப் பெண்கள் ஆட வைக்கப்பட்ட காட்சி 2012-ல் அம்பலமானபோது நாடே தலைகுனிந்தது; கொள்கைக்கும் சாலைக்கும் உள்ள தூரம் அப்போது தெரிந்தது. அதே ஆண்டு பழங்குடிப் பாதுகாப்பு விதிகளில் தண்டனை கடுமையாக்கப்பட்டது. பேரலையின் நேரடிப் பிள்ளை 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கிவரும் முன்னெச்சரிக்கை மையமும் அப்படியே. 2004-ல் விழுங்கப்பட்ட அந்த இரண்டு மணி நேரம், மறுமுறை நாகப்பட்டினத்து மீனவருக்குக் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 2006 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம். பழங்குடிச் சமூகம் கூட்டாகக் காட்டுக்கு உரிமை கோரலாம் என்றது அது. நஷ்டஈட்டுப் படிவத்தில் இல்லாதிருந்த கட்டம் இந்தச் சட்டத்தில் இருந்தது. இத்தகைய சட்டங்களுக்கான புகழ் சோனியா காந்தியின் தேசிய ஆலோசனைக் குழுவையும் களப் போராளிகளையும் சேரவேண்டும் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. செலவுகளைக் கண்டு பிரதமர் தயங்கினார் என்றும் சொல்வார்கள். இருக்கலாம். தெற்கு தில்லியில் 1999-ல் போட்டியிட்ட ஒரே மக்களவைத் தேர்தலிலும் தோற்று, மாநிலங்களவை வழியாகவே வந்த பிரதமருக்குத் தன் கட்சியைத் தள்ளிக்கொண்டு போகும் பலம் கிடையாது. அலைக்கற்றை, நிலக்கரி விவகாரங்களில் அவர் காத்த மௌனத்துக்கும் அதுவே ஒரு காரணம், மன்னிப்பு ஆகாது. இன்றைய ஊடகங்களை விட வரலாறு தன்னிடம் கருணை காட்டும் என்று 2014 ஜனவரியில் அவர் நம்பிக்கை தெரிவித்தார். அப்போது நாட்டில் பலர் சிரித்தார்கள். மறைவுக்குப் பின் வந்த புகழுரைகளில் அன்று சிரித்தவர்களின் குரலும் கேட்டது.

கிரேட் நிக்கோபாரில் இரண்டு மன்மோகன்களும் இப்போது நேருக்கு நேர் நிற்கிறார்கள். திட்டக் கமிஷன் போய் 2015-ல் வந்த நிதி ஆயோக், அங்கே ஒரு மாபெரும் திட்டத்தை வகுத்தது. கலாத்தியா விரிகுடாவில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம். சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த 2022 நவம்பரில் சொல்லப்பட்ட மதிப்பீடு சுமார் 72,000 கோடி ரூபாய். போகவேண்டிய காடு 130 சதுர கிலோமீட்டர். அந்த விரிகுடா ராட்சதத் தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கரை. உட்காட்டில் வெளியுலகோடு அதிகம் தொடர்பில்லாத ஷோம்பென் மக்கள்.

மலாக்கா நீரிணைக்கு வாசலில் இருந்துகொண்டு கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் சரக்கை விட்டுக்கொடுப்பதா என்பது திட்டத்தின் பின்னாலுள்ள வாதம். 1964-ல் ஏற்றுமதி பற்றிப் புத்தகம் எழுதிய இளைஞர் அதைத் தலையாட்டிக் கேட்டிருப்பார். நரசிம்ம ராவும் அவரும் தொடங்கிவைத்த கிழக்கு நோக்கிய கொள்கையும் அதே திசையில்தான் கைகாட்டியது.

ஆனால் 2022 நவம்பர் முடிவதற்குள் அந்தத் தீவின் பழங்குடி மன்றம், தான் முன்பு தந்திருந்த ஆட்சேபணையின்மைச் சான்றிதழைத் திரும்பப் பெற்றது. நிக்கோபார் கிராமங்களில் தலைவர்களுக்குக் 'கேப்டன்' என்று பெயர். பழைய கப்பல் வியாபாரிகள் விட்டுச்சென்ற சொல். அந்தக் கேப்டன்களின் கோரிக்கை சிக்கலானதல்ல. பேரலைக்குப் பின் கேம்ப்பெல் பேயை அடுத்த ராஜீவ் நகர், புதிய சிங்கென் குடியிருப்புகளில் தங்கவைக்கப்பட்டவர்கள், தெற்கிலும் மேற்கிலும் உள்ள பூர்வீக ஊர்களுக்குத் திரும்ப வேண்டும். தங்கள் மூதாதையர் நிலம் திட்ட எல்லைக்குள் வருகிறது என்பது சான்றிதழ் தரும்போது தெளிவாகச் சொல்லப்படவில்லை என்றார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. வன உரிமைச் சட்டப்படி முதலில் எங்கள் உரிமையைத் தீர்மானியுங்கள் என்ற வாதமும் எழுந்தது. 2006-ல் மன்மோகன் சிங் அரசு கொண்டுவந்த அதே சட்டம்.

மன்மோகன் சிங்கின் மறைவுக்காக 2025 ஜனவரி 1 வரை நாடெங்கும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. மூன்றரை மாதங்களுக்கு முன் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருந்த போர்ட் பிளேரிலும்தான். தெற்கே ராஜீவ் நகரில், மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வந்த இரும்பாலும் சிமென்டாலும் கட்டிய வீடுகளில், தாற்காலிகமாகத் தங்கப் போகிறோம் என்று எண்ணி வந்த குடும்பங்கள் இருபத்தோராவது ஆண்டில் கால் வைத்தன.